பழத்தை பிரீசரில் போடுங்கள், பால் டின்னைத் தள்ளி வையுங்கள்

பேராக் மாநிலத்தில் இருக்கும் நம் பீடோர்க்காரர்களுக்குப் பழம் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் பழைய சாலையில் போகிறவர்கள் நம் ஊரில் வண்டியை நிறுத்திக் கொய்யா வாங்காமல் போவதில்லை. வெயில் ஏறினால் உள்ளூர்க்காரர்கள் நாம் என்ன செய்கிறோம்? கடைத்தெருவில் புதிதாக வந்திருக்கிற குளிர்பானக் கடைக்குப் போய், பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) பக்கமாகக் கொடுத்து, மாம்பழப் படம் போட்ட கப்பில் ஒரு 'ஸ்மூதி' வாங்கிக் குடிக்கிறோம். போன வாரம் நானும் வரிசையில் நின்றேன். அந்தப் பையன் ஒரு டப்பாவிலிருந்து மஞ்சள் மாவு இரண்டு கரண்டி போட்டான், பாட்டிலைக் கவிழ்த்துச் சிராப் ஊற்றினான், ஐஸை அள்ளிப் போட்டான், கடைசியாக இனிப்புக் கெட்டிப்பால் டின்னைச் சாய்த்து ஒரு நீண்ட ஊற்று. அரைத்து முடித்தாகிவிட்டது. மாம்பழம் எங்கே தம்பி என்று கேட்டேன். "இதுலயே இருக்கு அக்கா" என்று டப்பாவைக் காட்டினான். பாவம், அவன் மேல் கோபமில்லை. கடைக்காரர் சொன்னபடி செய்கிறான்.

என் கோபமெல்லாம் அந்தப் பால் டின் மேல்தான். கடையை விடுங்கள், வீட்டிலும் அதைத்தானே செய்கிறோம். நல்ல பப்பாளி, நல்ல வாழைப்பழம் எல்லாம் பிளெண்டரில் போட்டுவிட்டு, "கொஞ்சம் டேஸ்ட் வேணும்ல" என்று மேலே டின் பால். அதற்கும் மேலே சீனி. பிறகு வரும் ருசியில் பழம் எங்கே இருக்கிறது?

வெயில் பொய்யில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரிக்குள் இருந்தால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. 37-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. மலேசியாவில் பதிவான உச்சம் 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி. நம் பக்கம் அந்த அளவுக்குப் போவதில்லை என்றாலும், மதியம் ஒரு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நிலையெண் எதுவும் தேவையில்லை. செம்பனை (பாமாயில்) காட்டில் குலை அறுக்கிறவர்கள் விடிந்ததும் இறங்கி மதியத்துக்குள் முடித்துக்கொள்ளப் பார்ப்பதும் இதனால்தான். இப்போது அந்த வேலையில் பெரும்பாலும் இந்தோனேசியரும் பங்களாதேஷ்காரர்களும். நம்மவர்கள் கொஞ்சம் பேர் லோரி ஓட்டுகிறார்கள், மேற்பார்வை பார்க்கிறார்கள். யாராக இருந்தாலும் அப்படிக் காய்ந்து வருகிறவருக்கு ஜில்லென்று இனிப்பாக ஏதாவது வேண்டும் என்று தோன்றுவது இயற்கை. அந்த ஆசையைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் டின்னை ஒரு தடவை திருப்பி, பின்பக்க எழுத்தைப் படியுங்கள். இப்போது கடையில் மலிவாகக் கிடைக்கும் டின்களில் பெரும்பாலானவற்றில் 'கிரீமர்' என்றுதான் போட்டிருக்கும். பாலின் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய். நம் தோட்டத்துக் குலையேதான் சுற்றி வளைத்து நம் கிளாஸுக்குள் வந்து விழுகிறது! அது கூடப் பரவாயில்லை. டின்னில் ஏறக்குறைய பாதி சீனி. பெரிய கரண்டி ஒன்று 20 கிராம் என்று வைத்தால் அதில் 10 கிராம் சீனி. கடையில் ஊற்றுகிற ஊற்று மூன்று கரண்டிக்குக் குறையாது. பழமோ மாவோ சிராப்போ கணக்கில் சேராமலேயே 30 கிராம் ஆகிவிட்டது. சேர்க்கப்படும் சீனியை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. ஒரே கிளாஸில் அதைத் தாண்டியாகிவிட்டது.

2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் வரி. நல்ல காரியம். ஆனால் அது தொழிற்சாலையில் அடைத்து வரும் பானத்துக்கு. நம் முன்னாலேயே கலக்கிக் கொடுக்கும் கப்புக்கும், நாமே வீட்டில் ஊற்றுகிற கரண்டிக்கும் வரியில்லை. 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 சதவீதம் பேருக்கு நீரிழிவு, அதாவது ஆறில் ஒருவருக்கு. இந்தியர்களிடையே இன்னும் அதிகம். நம் தெருவில் எந்த வீட்டு ஐஸ் பெட்டியைத் திறந்தாலும் கதவுப் பக்கத்தில் இன்சுலின் இருக்கிறது. இதற்கு மேல் நான் புள்ளிவிவரம் சொல்லத் தேவையில்லை.

சரி, குறை சொன்னது போதும். டின் பால் இல்லாமல் கெட்டியாக, இனிப்பாக, ஜில்லென்று எப்படி வரும் என்பதற்கு வருகிறேன்.

ரகசியம் வாழைப்பழம். அதுவும் கறுப்புப் புள்ளி விழுந்து, "இது இனி யாரும் சாப்பிட மாட்டாங்க" என்று ஒதுக்கி வைத்த பழம். அந்த நேரத்தில்தான் அதன் மாவுச்சத்து முக்கால்வாசி இனிப்பாக மாறியிருக்கும். தோலை உரித்துவிட்டு, விரல் தடிமனில் வட்டமாக நறுக்கி, ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி பிரீசரில் வையுங்கள். கல்லானதும் பிளாஸ்டிக் பையில் கொட்டிக் கட்டிவிடலாம். தோலோடு வைத்தால் பிறகு உரிக்க விரல் நுனி மரத்துப்போகும். நேராகப் பையில் போட்டால் ஒரே கட்டியாகி, அம்மிக்குழவி கொண்டு உடைக்க வேண்டியிருக்கும். வாழை ரகங்களில் பெராங்கான் நன்றாக வரும். ரஸ்தாளியில் ஒரு மெல்லிய புளிப்பு இருப்பதால் எனக்கு அதுதான் முதல். பிசாங் மாஸ் ரொம்ப இனிப்பு, தனியாகச் சாப்பிடட்டும்.

இந்த உறைந்த வாழைப்பழத்தை அரைத்தால் ஐஸ்கிரீம் போட்டார்களோ என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குழைந்து வரும். பாலும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். கடைக்காரர் ஐஸை அள்ளிப் போடுவது குளிருக்கு மட்டுமில்லை, கப்பை நிரப்பவும்தான். ஐஸ் கரையக் கரைய ருசி நீர்த்துப்போகும், அதைச் சரிக்கட்ட இன்னும் சீனி. பழத்தையே உறைய வைத்தால் கரைந்து வருவதும் பழச்சாறுதான். அந்தச் சுற்று அங்கேயே அறுந்துவிடும்.

பப்பாளியில் சின்ன எக்சோத்திகா கிடைத்தால் அதை எடுங்கள். மார்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 1987-இல் வெளியிட்ட ரகம், இனிப்பு தூக்கலாக இருக்கும். பெரிய செக்காக்கியில் தண்ணீர் அதிகம், ஆனால் மலிவு. சிலருக்குப் பப்பாளியின் வாடை பிடிக்காது. என் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பக்கத்தில் வருவாள். இரண்டு லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) பிழிந்தால் அந்த வாடை போய்விடும். அன்னாசியில் நடுத்தண்டை எடுத்துவிட்டு, கண்களை ஆழமாகச் செதுக்குங்கள். கண் ஒன்று உள்ளே போனாலும் தொண்டையில் அரிக்கும்.

இருவருக்கு அளவு சொல்கிறேன். உறைந்த வாழைப்பழத் துண்டு ஒரு கோப்பை, உறைந்த பப்பாளி ஒரு கோப்பை, அன்னாசி அரைக் கோப்பை, இளநீர் முக்கால் கோப்பை (இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீரே போதும்), லீமாவ் கஸ்தூரி மூன்று, சுண்டுவிரல் நகமளவு இஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள். வியர்த்து வந்தவருக்கு அது வேண்டும், அதோடு இனிப்பையும் தூக்கிக் காட்டும். தண்ணீரை முதலில் ஊற்றி, மென்மையானதை அடுத்துப் போட்டு, உறைந்ததைக் கடைசியில் மேலே போடுங்கள். தலைகீழாகப் போட்டால் பிளேடு காற்றில் சுற்றும், மோட்டாரிலிருந்து கருகிய வாடை வரும். பழைய பிளெண்டர் என்றால் உறைந்த பழத்தை ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, விட்டு விட்டு அடியுங்கள்.

"கொஞ்சமாவது பால் ஊத்தலாம்ல" என்று கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்னாசியையும் பாலையும் ஒன்றாக அரைத்துக் கால்மணி நேரம் வைத்துவிட்டுக் குடித்துப் பாருங்கள். கசக்கும். அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது, அது பாலின் புரதத்தைத் துண்டு துண்டாக்கும், அந்தத் துண்டுகளுக்குக் கசப்பு ருசி. பப்பாளியில் இருக்கும் பாப்பைனும் இதே ஜாதிதான். ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே வேலை. பழுத்த பப்பாளியில் அது குறைந்துவிடும், அன்னாசியில் பழுத்தாலும் நிறைய மிச்சமிருக்கும். பிரீசரில் வைத்தாலும் அந்த நொதி சாகாது. கொதிக்க வைத்தால்தான் சாகும், அதனால்தான் டின்னில் அடைத்த அன்னாசி பாலைக் கசக்க வைப்பதில்லை. கடைகளில் இவ்வளவு சீனி போடுவதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பால் மாதிரி ஏதாவது வேண்டும் என்றால் அன்னாசிக்குக் கொஞ்சம் தேங்காய்ப்பால் விடுங்கள். மாம்பழத்துக்கு வீட்டில் உறை ஊற்றிய தயிர் விடுங்கள். தயிரும் மாம்பழமும் வாழைப்பழமும் சேர்ந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

நம் ஊர்க் கொய்யாவை மட்டும் தயவுசெய்து பிளெண்டரில் போடாதீர்கள். வைட்டமின் சி நிறைய இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த மொறுமொறுப்பை அரைத்துவிட்டால் நாக்கில் மணல்தான் மிஞ்சும். நறுக்கி, அசாம் போய் (உப்பும் புளிப்புமான உலர்ந்த பிளம்) தூள் தூவி, பல்லால் கடித்துச் சாப்பிட வேண்டிய பழம் அது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தை, அதாவது பிளிம்பிங்கை, தொடவே கூடாது. ஜூஸானாலும் ஒரு துண்டானாலும் கூடாது. ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும் நச்சு அவர்கள் உடம்பில் தங்கி மூளையைத் தாக்கும், வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. வாழைப்பழம், இளநீர் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், அவர்களுக்கு அதுவும் அளவோடுதான், டாக்டரைக் கேட்டுத்தான். என் மாமா ஒருவர் டயாலிசிஸ் செய்கிறார். தண்ணீருக்கே அவருக்கு அளவு உண்டு. நாங்கள் எல்லாரும் கிளாஸைத் தூக்கும்போது அவர் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு டிவி பார்ப்பார். நீரிழிவு உள்ளவர்களும் 'சீனி போடலையே' என்று பெரிய மக்கில் ஊற்றிக்கொள்ள வேண்டாம். அரைத்த பழம் கடித்துத் தின்கிற பழத்தைவிட வேகமாக உள்ளே இறங்கும், ஒரே மூச்சில் மூன்று பழம் போய்விடும். சின்ன கிளாஸ் போதும்.

தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது பின்பக்கம் எல்லாருக்கும் ஒரு பப்பாளி, ஒரு வாழைக்கன்று, நாலு அன்னாசி இருந்தது. நட்டது யார் என்றே தெரியாது, தானாக முளைக்கும். தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த பிறகு முன்னால் சிமெண்டு, பின்னால் வடிகால். மரம் வைக்க இடமில்லை என்பது நியாயமான புகார். ஆனால் பழைய பெயிண்ட் வாளியில் பப்பாளி காய்க்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டில் போய்ப் பார்க்கலாம், இடுப்பளவு உயரத்திலேயே காய் தொங்குகிறது. அதுவும் முடியாதவர்கள் பசார் மாலாம் (இரவுச் சந்தை) முடிகிற நேரத்தில் போங்கள். கனிந்த பழத்தைத் திரும்ப லோரியில் ஏற்ற எந்தக் கடைத் தவுக்கேயும் (முதலாளியும்) விரும்ப மாட்டார். பாதி விலைக்குத் தருவார், சில நாள் சும்மாவே ஒன்றைப் பையில் போடுவார். பிரீசருக்கு அந்தக் கனிந்த பழம்தான் வேண்டும்.

கோயில் திருவிழாத் தண்ணீர்ப் பந்தல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. தீமிதியன்று நடு வெயிலில் வருகிறவர்களுக்கு நாம் கொடுப்பது சிவப்புச் சிராப், சில பந்தலில் அதிலும் டின் பால். ஆயிரம் பேருக்குப் பழம் அரைக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். நீர்மோர் கரைக்கலாமே? தயிர், தண்ணீர், உப்பு, கறிவேப்பிலை, இஞ்சி. நம் தாத்தா பாட்டி கொடுத்ததுதான். கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரு பெரியவர், "சிராப் இல்லாம என்னம்மா பந்தல்? புள்ளைங்க அதுக்குத்தான வருதுங்க" என்றார். கொஞ்ச நேரம் இழுத்து, இந்த வருஷம் இரண்டு பீப்பாய் வைப்பது என்று முடிவானது, ஒன்றில் மோர், ஒன்றில் சிராப். எது முதலில் காலியாகிறது என்று பார்ப்போம். பந்தயம் கட்டச் சொன்னால் நான் சிராப் மேல்தான் கட்டுவேன். ஆனாலும் மோர் கரைக்க ஆள் தேவைப்படுகிறது, வரக்கூடியவர்கள் கீழே பெயர் போடுங்கள்.