காப்பிக் கப்பு போகமாட்டேங்கு

மணி நாலரை. நான் கட்டிட்டிருக்க எங்க வெப்சைட்ல இருந்து, பத்தாவது தடவையா அந்தக் காப்பிக் கப்புப் படத்தை அழிச்சிட்டேன். கம்ப்யூட்டர்ல போயிட்டு. போனை எடுத்துப் பாத்தா அங்கன சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. நுரை மேல இலை படம் வரைஞ்ச கப்பு. நாங்க விக்கது அப்பளம். கல்லிடைக்குறிச்சி உளுந்து அப்பளம். இதுல காப்பி எங்கன இருந்து வந்துச்சு?

டெம்ப்ளேட்டோட வந்துச்சு, அதான் படமும் எழுத்தும் முன்னாடியே போட்டு வச்ச மாதிரிப் பக்கம். அப்பளத்துக்கு டெம்ப்ளேட் தேடினவுகளுக்குத் தெரியும் அந்த வயித்தெரிச்சல். சாப்பாடுன்னு தட்டினா பீட்சா. கைத்தொழில்னு தட்டினா சோப்பும் மெழுகுவர்த்தியும். மூணு நாள் தேடி, இருக்கதுலயே வட்டமா எதாச்சும் படம் இருக்கான்னு பாத்து இதை எடுத்தேன். மேல இருந்து பாத்தா கப்பும் வட்டந்தானே. என் புத்தியை எதைக் கொண்டு அடிக்க.

வெப்சைட் கட்ட எந்த சாப்ட்வேர் நல்லதுன்னு யார்ட்டயாச்சும் கேக்க வேண்டியதுதானேம்பீக. கேட்டேன். அதான் தப்பு. எங்க அவுக கூட்டாளி ஒரு அண்ணாச்சி, "வேர்ட்பிரஸ் போடும்மா, 2003ல வந்தது, உலகத்துல பத்து வெப்சைட்டுக்கு நாலு அதுலதான் ஓடுது, காசே கிடையாது"ன்னாரு. காசு கிடையாதுதான். தென்னம்பிள்ளையை ஓசியில குடுத்தா எப்படி? நட இடம் வேணும், தண்ணி ஊத்தணும், வேலி போடணும், ஆடு கடிச்சா நாமதான் ஓடணும். அந்த மாதிரி ஓசி. வெப்சைட் குடியிருக்க ஹோஸ்டிங் தனி, விலாசத்துக்கு டொமைன் தனி, கூடுதல் வசதிக்குப் பிளக்கின் தனி, பிளக்கின் ஒவ்வொண்ணுக்கும் அப்டேட்டு. அதுலயும் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் ஒண்ணு, வேர்ட்பிரஸ் டாட் காம் ஒண்ணு. ஆர்க்ல சாப்ட்வேரை இறக்கி நாமளே எங்கயாச்சும் குடிவைக்கணும். காம்ல அவுக வீட்டுலயே வாடகைக்கு இருக்கணும். மேலப்பாளையத்துல எறங்க வேண்டிய ஆள் பாளையங்கோட்டையில எறங்கி முழிக்க மாதிரி ஒரு வாரம் முழிச்சேன். முதல்லயே இதை ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா அண்ணாச்சி?

சரி, 'புதுசா ஆரம்பிக்கவங்களுக்குச் சிறந்த பத்து' கட்டுரைகளைப் படிச்சேன். எல்லாத்துலயும் அதே பத்து பேருதான், வரிசை மட்டும் மாறுது. அடியில பொடி எழுத்துல, நீங்க இந்த லிங்க்ல போயி வாங்கினா எங்களுக்குக் கமிஷன் வரும்னு போட்டிருக்கான். கல்யாணத் தரகர்ட்ட போயி இதுல எந்த மாப்பிள்ளை யோக்கியன்னு கேட்டிருக்கேன் நான். பத்தும் தங்கமாம்.

கடைசியா வெப்சைட் கட்டுத சாப்ட்வேர் ஒண்ணைப் பிடிச்சேன். பேரைச் சொல்லமாட்டேன், அது அவனுக்கு விளம்பரம். உள்ள போனதும் ஒரு கேள்வி: உங்க பிராண்டோட குணம் என்ன? துணிச்சலா, குறும்பா, நளினமா? அத்தைகிட்ட கேட்டேன். "மொறுமொறுன்னு எழுதுட்டி"ன்னாக. அப்படி ஒரு கட்டம் இல்ல. நளினம்னு போட்டேன்.

அப்புறம் தலைப்பு. டெம்ப்ளேட்ல இருந்த எழுத்து ஒல்லியா, அழகாத்தான் இருந்துச்சு. தமிழைப் போட்டதும் முகம் மாறிட்டு. அந்த எழுத்துருவுல தமிழே கிடையாது, அதனால பிரவுசர் கையில அகப்பட்டதை எடுத்து மாட்டிக்கிடுமாம். போன்ல பாத்தா இடம் பத்தாம ஊர்ப்பேரு ரெண்டா ஒடைஞ்சு, 'கல்லி' மேல நிக்கி, 'டைக்குறிச்சி' கீழ நிக்கி. "டைக்குறிச்சி எந்தப் பக்கம்ட்டி?"ன்னு கேக்காக அத்தை. அறுபத்தஞ்சு வருசமா இந்த ஊர்ல குடியிருக்கவுக.

விவரத்தையாச்சும் ஒழுங்காப் போடுவோம்னு, நோட்டீஸ் அடிச்ச கடையில டைப் பண்ணி வச்சிருந்ததை வாங்கிட்டு வந்து ஒட்டினேன். அது பாமினி எழுத்துருவாம். ஒட்டினதும் பூராவும் இங்கிலீஷ் எழுத்தாப் போச்சு, மெய்யெழுத்துக்குப் புள்ளி வரவேண்டிய இடத்துலயெல்லாம் அரைப்புள்ளி. பிரண்டைச் சாறு, பெருங்காயம், தாமிரபரணித் தண்ணி எல்லாம் அரைப்புள்ளிக்குள்ள கெடக்கு. அதைத் தூக்கிட்டா டெம்ப்ளேட்ல இடம் ரொப்ப ஏற்கெனவே வச்சிருந்த லத்தீன் வந்து நிக்கி. அது கி.மு. 45ல ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோ எழுதினதைக் கண்டபடி வெட்டிப் போட்டதாம். அப்பளத்துக்குச் சிசரோ சிபாரிசு! உக்காந்து அம்புட்டையும் எங்க ஒட்டினாலும் தமிழாவே நிக்கித யூனிகோடுல திரும்ப அடிச்சேன். பின்கோடு 627416ன்னு போட்டா ஒரு எண் கூடப்போச்சுங்கான். நாடு எதுன்னு அவனே அமெரிக்கான்னு முடிவு பண்ணி வச்சிருக்கான், அங்க அஞ்சு எண்தானாம்.

இவ்வளவும் பொறுத்துக்கிட்டேன். ஆனா கப்பு!

சரின்னு உதவி மூலையில இருந்த பொம்மைகிட்ட கேட்டேன். "வணக்கம்! உங்களுக்கு உதவுறதுல சந்தோசம்!"னுச்சு. கப்பை எப்படி அழிக்கணும்னு கேட்டேன். படத்தை எப்படிப் பெருசாக்கன்னு ஒரு வீடியோ தந்துச்சு. பெருசாக்க வேண்டாம், அழிக்கணும்னேன். "காப்பிக் கடை தொடங்குறதுக்கு வாழ்த்துகள்!" அப்பளம் தாயீ, அப்பளம். "அருமை! வேற எதாச்சும் உதவி வேணுமா?" ராத்திரி ஒரு மணிக்கு நானா கண்டுபிடிச்சேன், கம்ப்யூட்டருக்கு ஒரு பக்கம், போனுக்கு ஒரு பக்கம், ரெண்டும் தனித்தனியாம். போன் பக்கத்துல போயி அழிச்சேன். கம்ப்யூட்டர்ல இருந்த அப்பளப் படமும் விலைப்பட்டியலும் சேந்து போயிட்டு. கப்பு மட்டும் நிக்கி. திரும்ப எல்லாத்தையும் போட்டேன். கப்புக்குத் தொணையா இப்ப ஒரு கரண்டியும் வந்திருக்கு.

போகட்டும், கப்போடயே இருக்கட்டும், யாரு பாக்கப் போறாகன்னு 'வெளியிடு'ங்கிற நீலப் பொத்தானை அமுக்கினேன். பதினாலு நாளா என்னைப் பாத்துச் சிரிச்சிட்டிருந்த பொத்தான். உங்க இலவசக் காலம் முடிஞ்சிட்டு, ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கங்கு. மாசத்துக்கு இவ்வளவுன்னு பெரிய எழுத்துல இருக்கு. அமுக்கினா பன்னெண்டு மாசத்துக்கும் மொத்தமா இப்பமே கட்டணும், டாலர்ல. அந்த விலையும் முதல் வருசத்துக்குத்தான், அடுத்த வருசம் ஏறும். மேல ஜிஎஸ்டி 18 சதவீதம். அப்பளத்துக்கு வரி கிடையாதுங்க. 2017ல ஜிஎஸ்டி வந்த நாள்ல இருந்தே கிடையாது. அப்பளத்தைப் படமாக் காட்டுத சாப்ட்வேருக்கு உண்டு. ஓசியிலயும் வெளியிடலாமாம், ஆனா விலாசத்துல அவன் பேரு ஒட்டிக்கிடும், தலைமாட்டுல அவன் விளம்பரம் நிக்கும். கல்யாணப் பத்திரிகையில பிரஸ்காரன் போட்டோ போட்ட மாதிரி.

அத்தை அதுக்குள்ள மாவு இடிக்க எந்திரிச்சிட்டாக. எங்க அவுக, "இதெல்லாம் ஈசி, நான் பாத்துக்கிடுதேன்"னு ஆரம்பிச்சு வச்ச மகராசன், ஒறங்குதாக. அப்பப் பாத்து போன்ல ஒரு மெசேஜ், தென்காசியில இருந்து: "அக்கா, பத்துக் கட்டு அனுப்புங்க, ஜிபே பண்ணிட்டேன்." நம்பர் எங்கன கிடைச்சிருக்கும்? போன மாசக் கட்டு உறையில அத்தை பேனாவால எழுதி விட்டிருக்காக.

அத்தை போனை வாங்கி அந்தக் காப்பிக் கப்பை ரொம்ப நேரம் பாத்தாக. "கப்பு நல்லாத்தானே இருக்கு. கரண்டியும் இருக்கு. அதுக்கும் ஒரு விலையைப் போட்டு வித்துருட்டி"ன்னாக. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ரெண்டு பேரும் உலக்கையைக் கீழ வச்சிட்டுச் சிரிச்சோம்.

விடிஞ்சதும் மாடிக்கு ஏறினா காயப்போடப் பாய் இல்ல. மூணாம் வீட்டுல பொண்ணு பாக்க வாறாகன்னு தை மாசம் வாங்கிட்டுப் போனாக. இப்ப ஆனி, சாரல் வேற விழுது. பொண்ணு பாத்து, கல்யாணம் முடிஞ்சு, அந்தப் புள்ள மறுவீடும் வந்துட்டுப் போயிட்டு. பாயி மட்டும் வரல. பத்தமடையில நானே போயி நின்னு வாங்கின பாயிங்க அது.