தண்ணீரைப் பதுக்குபவனும் வில்லன்தான்
ஜேம்ஸ் பாண்ட் படங்களைத் தரவரிசைப்படுத்திய உங்கள் கட்டுரையில் 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' (2008) படத்தைக் கடைசி இடத்துக்குத் தள்ளியிருக்கிறீர்கள். படத்தொகுப்பைக் குறை சொன்னது நியாயம். தொடக்கக் கார் துரத்தலில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்று பிடிபடுவதற்குள் காட்சியே முடிந்துவிடுகிறது. ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் திரைக்கதை முழுமையடையாமலே படப்பிடிப்புக்குப் போன படம், அந்த அரைவேக்காடும் தெரிகிறது. ஆனால் தண்ணீரைப் பதுக்குபவன் ஒரு வில்லனா என்று கேலி செய்ததை ஏற்க மாட்டேன். பொலிவியாவில் நிலத்தடி நீரை அவன் அணை கட்டி மறிக்கிறான். குழாய் சொட்டிச் சொட்டி நின்றுபோகிறது, ஊர் சனம் காலிப் பாத்திரங்களோடு நிற்கிறது. எங்கள் ராமநாதபுரம் கடலோரக் கிராமங்களுக்கு வாருங்கள் ஐயா. மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பும் பெண்களிடம் கேளுங்கள், அணுகுண்டு வைத்திருப்பவன் பெரிய வில்லனா, இவனா என்று. இப்படி ஒரு கருவைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசியில் பாலைவன ஓட்டலைக் கொளுத்துவதில் இறங்கிவிட்டார்களே, என் கோபம் அதன்மேல்தான்.