சிவப்புப் பட்டியலில் அக்காவின் பெயர்

நேற்று நான் போட்ட சிறு பதிவின் கீழே விவாதம் எங்கெங்கோ போய்விட்டது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. சிவப்புப் பட்டியல் விவகாரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: காணொளிப் பாடங்களில் கற்றல் நேரம் காட்டாத ஊழியர்களின் பெயர்களைச் சிவப்பில் போட்டு எங்கள் நிறுவனம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. எங்கள் கணக்குப் பிரிவில் நாங்கள் ‘அக்கா’ என்று கூப்பிடும் சக ஊழியரின் பெயரும் அதில் இருந்தது. அதைக் கண்டித்துத்தான் நேற்று எழுதியிருந்தேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த மின்னஞ்சல் எங்கள் பிரிவுக்கு மட்டும் வந்தது என்று நினைத்திருந்தேன். இல்லை, மொத்த நிறுவனத்துக்கும் போயிருக்கிறது. ‘கற்றலில் பின்தங்கியோர்’ என்ற தலைப்பின் கீழ், சிவப்பு எழுத்தில், முதல் பெயர் அக்காவுடையது. காலாண்டுக்கான கற்றல் நேரம் பூஜ்யம்.

பூஜ்யமாம்!

இதே காலாண்டில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து வேலை சொல்லிக்கொடுத்தது யார்? வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடும்போது ஒரு பையன் அரண்டுபோய் வந்து நின்றான். வங்கி அறிக்கையும் நம் ஏடும் ஒத்துவரவில்லை, காலையிலிருந்து தேடுகிறேன் என்றான். அக்கா அவன் கணினித் திரையைக்கூடப் பார்க்கவில்லை. “வித்தியாசம் எவ்வளவு?” என்று மட்டும் கேட்டார். 5,400 என்றான். “ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறது பார். எங்கேயோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டிருப்பாய். அப்படித் தேடு” என்றார். 8,200 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2,800 என்று பதிந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான். “அப்படி வகுபடாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடு. வரவை வைக்க வேண்டிய இடத்தில் செலவை வைத்திருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்காகத்தான் வரும்” என்று அடுத்ததையும் சொல்லி அனுப்பினார். அந்தப் பையன் இப்போது இன்னொருவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறான். இது நிறுவனத்தின் கற்றல் தளத்தில் எத்தனை நிமிடமாகப் பதிவாகும்? பதிவாகாது. ஏனென்றால் அக்கா எந்தக் காணொளியையும் அழுத்தவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கற்க நேரம் கொடுக்காதவர்களுக்கு, கற்கவில்லை என்று குற்றம்சாட்டும் உரிமை கிடையாது. கற்றுக்கொடுப்பவரைக் கணக்கில் சேர்க்காதவர்களுக்கு அந்த உரிமை சுத்தமாகக் கிடையாது.

போதிய கற்றல் நேரம் காட்டிப் பச்சைப் பட்டியலில் இருப்பவர்கள் அந்த நேரத்தை எப்படிச் சேர்த்தார்கள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். காணொளியை ஒரு சாளரத்தில் ஓடவிட்டு, ஒலியை அணைத்துவிட்டு, இன்னொரு சாளரத்தில் வேலை பார்த்தார்கள். ‘அடுத்து’ என்ற பொத்தான் வரும்போது ஓர் அழுத்து. முடிவில் வரும் வினாக்களின் விடைகள் குழுவில் சுற்றுகின்றன. நேர மேலாண்மை பற்றிய பாடத்தை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு வகையில் அந்தப் பாடத்தை உண்மையாகக் கற்றவர்கள் அவர்கள்தான்! பிறகு சான்றிதழ் வரும், அது லிங்க்ட்இனில் ஏறும், “பெருமிதம் கொள்கிறேன்” என்று ஒரு வரி. அவர்களை நான் குறைசொல்லவில்லை. மணிக்கணக்கை அளப்போம் என்று மேலே இருந்து சொன்னால், கீழே இருப்பவர்கள் மணிக்கணக்கைத்தான் கொடுப்பார்கள்.

பயிற்சியை எப்படி அளப்பது என்பது நேற்று முளைத்த கேள்வியும் அல்ல. அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நான்கு படிகள் சொன்னார். பயிற்சி பிடித்திருந்ததா, எதையாவது கற்றார்களா, கற்றதை வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் கிடைத்ததா. பயிற்சித் துறையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட இந்த நான்கையும் ஒப்பிப்பார்கள். எங்கள் பட்டியல் இதில் எந்தப் படியில் நிற்கிறது? முதல் படிக்கும் கீழே. காணொளி ஓடியதா என்பதை மட்டும் பார்க்கிறது. பிடித்ததா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்காஸ் 1885-ல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வு இன்னும் பழையது. தன்னையே ஆய்வுப் பொருளாக வைத்துக்கொண்டு, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று அளந்தார். மறதியின் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால்தான் நிற்கும். அது பொருளற்ற அசைகளுக்குத்தானே பொருந்தும், பாடங்களுக்குப் பொருந்துமா என்று ஒரு நண்பர் நேற்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் நிறுவனத்தின் ‘மனப்பாங்கை மாற்றுவோம்’ தொடரைப் பார்த்த பிறகு அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. புதியவர்களுக்கான அறிமுக வகுப்பில் 70-20-10 என்று ஒரு படம் காட்டுவார்கள். வேலை செய்து கற்பது 70 பங்கு, மற்றவர்களிடமிருந்து கற்பது 20, வகுப்பறையில் கற்பது 10. 1980-களில் அமெரிக்காவில் தலைமைத்துவ ஆய்வு மையம் ஒன்றில், மேலதிகாரிகளிடம் எதில் கற்றீர்கள் என்று கேட்டுத் திரட்டிய பதில்களிலிருந்து வந்த கணக்கு அது. இப்படி முழு எண்களாக வந்து விழுவதை ஆய்வாளர்கள் விமர்சித்திருக்கிறார்கள், எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அதைச் சுவரில் ஒட்டியிருப்பது நான் அல்ல, நிறுவனம். உங்கள் சுவரில் உள்ள கணக்குப்படியே பார்த்தாலும் 10 பங்கை மட்டும் அளந்துவிட்டு, மிச்சம் 90 பங்கையும் செய்துகொண்டிருந்தவருக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள். 

இனி விமர்சனங்களுக்கு வருகிறேன்.

“கட்டாயப் பயிற்சிகளை முடிக்காவிட்டால் தணிக்கையில் மாட்டுவோம், மனிதவளத் துறை என்ன செய்யும்?” என்று அந்தத் துறையிலேயே இருக்கும் தோழி ஒருவர் கேட்டார். தீ விபத்துப் பாதுகாப்பு, தகவல் பாதுகாப்பு இவையெல்லாம் கட்டாயம் முடிக்க வேண்டியவை, மறுக்கவில்லை. அக்கா அவற்றை எப்போதோ முடித்துவிட்டார். பட்டியல் அதைப் பற்றியதே அல்ல. அடுத்த விமர்சனம்.

“ஆர்வம் இருப்பவர்கள் சொந்த நேரத்தில் படிப்பார்கள்.” இதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும், அவருடைய வீட்டில் யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும். அதற்குள் போகவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். ஐஎஃப்ஆர்எஸ் 16 என்று ஒரு பன்னாட்டுக் கணக்கியல் விதி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கணக்குத் துறையில் இல்லாதவர்களுக்குச் சுருக்கமாக: அதுவரை குத்தகைக்கு எடுத்த கட்டடம், வாகனம் ஆகியவற்றில் பலவற்றின் வாடகையை வெறும் செலவாக எழுதிவிட்டுப் போய்விடலாம். புதிய விதி வந்த பிறகு, குறுகிய காலக் குத்தகை, சிறு மதிப்புப் பொருள்கள் போன்ற விலக்குகள் தவிர மற்றதெல்லாம் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகவும் கடனாகவும் ஏற வேண்டும். வரப்போகும் வாடகைகளின் இன்றைய மதிப்பைக் கணக்கிட வேண்டும், வட்டி விகிதத்தைத் தீர்மானிக்க வேண்டும். சின்ன வேலை அல்ல. அந்த விதியோ 2016-லேயே வெளியாகிவிட்டது. தயாராக மூன்று ஆண்டுகள் இருந்தன.

நான் அப்போது வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். என்னைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று எழுத்தில் கேட்டேன். மாத முடிவு வேலை போகட்டும் என்றார் மேலாளர். மாத முடிவு போனது. காலாண்டு முடியட்டும் என்றார். அதுவும் போனது, பிறகு தணிக்கை வந்தது. கடைசியில் நேரம் நெருங்கியபோது வெளியிலிருந்து ஆலோசகர்களை அழைத்துவந்தார்கள். கோப்புகளை எடுத்துக்கொடுக்கும் வேலை எனக்கு. அந்த ஆண்டின் மதிப்பீட்டுப் படிவத்தில் என் பெயருக்கு நேரே ‘புதியன கற்பதில் முனைப்புக் குறைவு’ என்று எழுதியிருந்தது. நான் எழுத்தில் கேட்டிருந்தேன். எழுத்தில்! அந்த மின்னஞ்சல்களை எடுத்துக் காட்டியபோது, “அதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்” என்றார். மனத்தில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிறகு நான் இந்த நிறுவனத்துக்கு வந்தேன். குத்தகைக் கணக்கை எனக்கு அடியிலிருந்து சொல்லிக்கொடுத்தவர் அக்கா. வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து, ஒரே ஒரு குத்தகை ஒப்பந்தத்தை எடுத்து, ஒவ்வோர் ஆண்டு வாடகையையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து காட்டினார். ஆம், சொந்த நேரம்தான். அவருடைய சொந்த நேரம். அதற்குக் கிடைத்த மதிப்பெண்தான் அந்தப் பூஜ்யம்.

“பயிற்சி கொடுத்தால் வேலையை விட்டுப் போய்விடுகிறார்களே?” இந்தக் கேள்வியில் பொருள் இருக்கிறது. பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1964-ல் இதை விரிவாக எழுதினார். எங்கே போனாலும் பயன்படும் பொதுத்திறனுக்கு நிறுவனம் செலவழிக்கத் தயங்கும், தன்னிடம் மட்டுமே பயன்படும் திறனுக்குச் செலவழிக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். சிறு நிறுவனம் ஒன்று ஒருவருக்குச் செலவழித்து, அவர் உடனே கிளம்பிவிட்டால் அது உண்மையான இழப்புதான். அதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஆனால் எங்கள் பிரிவிலிருந்து அண்மையில் போனவர்கள் படித்துவிட்டுப் போனவர்கள் அல்லர். படித்ததைப் பயன்படுத்த இடமில்லாமல் போனவர்கள். அதோடு, அக்கா எங்கேயும் போகவில்லை. போகாதவரைத்தான் பட்டியலின் தலையில் வைத்திருக்கிறீர்கள்.

இத்தனைக்கும் பிறகு, பட்டியல் வந்த அதே வாரத்தில் ‘ஊழியர் ஈடுபாட்டுக் கணக்கெடுப்பு’ வருகிறது. மனம் திறந்து பேசுங்கள் என்கிறார்கள்.

பணியில் ஈடுபாடு என்ற கருத்தை ஆய்வுலகில் முதலில் தெளிவாக வரையறுத்தவர்களில் ஒருவர் வில்லியம் கான். கோடை முகாம் ஒன்றின் பணியாளர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தின் ஊழியர்களையும் ஆராய்ந்து 1990-ல் எழுதினார். ஒருவர் தன்னை முழுதாக வேலையில் கொடுப்பதற்கு மூன்று வேண்டும் என்றார். செய்வதில் பொருள் இருக்க வேண்டும். மனம் திறந்தால் பாதிப்பு வராது என்ற பாதுகாப்பு வேண்டும். கொடுப்பதற்கு உடலிலும் மனத்திலும் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். ஒருவர் பெயரைச் சிவப்பில் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பியவர்கள் இந்த மூன்றில் எதை வளர்த்தார்கள்? கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனத்தின் கணிப்புப்படி 2024-ல் உலகம் முழுவதும் ஈடுபாட்டோடு வேலை செய்தவர்கள் 21 சதவீதம்தான். முந்தைய ஆண்டைவிடக் குறைவு. இந்தப் புள்ளிவிவரத்தையும் எங்கள் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார்கள், ஏதோ மீதிப் பேரெல்லாம் சோம்பேறிகள் என்பதைப் போல. அதே கேலப்தான், ஒரு குழுவின் ஈடுபாடு பெருமளவு அதன் மேலாளரைப் பொறுத்தது என்றும் சொல்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் காட்ட மறந்துவிட்டார்கள்.

கணக்கெடுப்பில் பெயர் கேட்கமாட்டார்கள், அது ரகசியமானது என்கிறார்கள். பெயர் கேட்கவில்லைதான். பிரிவு, வயது வரம்பு, ஆணா பெண்ணா, எத்தனை ஆண்டு அனுபவம் என்று மட்டும் கேட்கிறார்கள். அக்கா கொடுக்கும் அந்த நான்கு விடைகளும் எங்கள் பிரிவில் வேறு யாருக்கும் பொருந்தாது, அவர்தான் என்று உடனே தெரிந்துவிடும். சென்ற முறை யாரோ ‘கற்க நேரம் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். அடுத்த கூட்டத்தில் மேலாளர் சிரித்துக்கொண்டே, “நேரம் இல்லை என்று எழுதியவர் யார்? கை தூக்குங்கள், உங்களுக்கு நேரம் ஒதுக்கித் தருகிறேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் கை தூக்கவில்லை. அவருக்கு யார் என்று தெரிந்திருந்தது, எங்களுக்கும் தெரிந்தது, அவருக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரிந்தது.

“சும்மா புலம்பாமல் தீர்வு சொல்” என்பவர்களுக்கு: வாரத்தில் ஒரு பிற்பகலை வேலையிலிருந்து விடுவியுங்கள். அதில் யாரும் கூட்டம் வைக்கக் கூடாது, மாத முடிவு வாரமாக இருந்தாலும். கற்றுக்கொடுக்கும் நேரத்தை வேலை நேரமாக எழுதுங்கள். யாரிடம் கற்றாய் என்று புதியவர்களைக் கேளுங்கள், அவர்கள் சொல்லும் பெயரை மதிப்பீட்டுப் படிவத்தில் ஏற்றுங்கள். இதற்கு எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் முன்பு, சிவப்புப் பட்டியல் போன அத்தனை பேருக்கும் மன்னிப்புக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல் போக வேண்டும். தனியாக அழைத்து, “தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்” என்று சொல்வது மன்னிப்பு ஆகாது. அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அக்காவும் “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவர் சொல்வார். என்னால் பரவாயில்லை என்று விட முடியவில்லை.

கணக்கெடுப்பை நான் இன்னும் நிரப்பவில்லை. இன்று காலையும் நினைவூட்டல் வந்தது. ‘உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்’ என்று தொடங்கி, ‘இது தானியங்கி மின்னஞ்சல், பதில் அனுப்ப வேண்டாம்’ என்று முடிகிறது.

அக்கா யார் என்று தெரிந்த நண்பர்கள் தயவுசெய்து கருத்துப் பகுதியில் பெயரைக் குறிப்பிட வேண்டாம். அவர் முகநூலில் இல்லை. எங்கள் மேலாளர் இருக்கிறார்.