கேமில் அரசியல் இருக்கட்டும், பாடம் எடுக்காதீர்கள்

பெரிய கேம் எதற்காவது ட்ரெய்லர் வந்தால் போதும், எங்கள் பெங்களூர் தமிழ் நண்பர்கள் குழுவில் ஒரே சண்டைதான். நாயகன் இடத்தில் பெண் இருக்கிறாளா, ஆளின் நிறம் என்ன, யார் யாரைக் காதலிக்கிறார் என்று தேடிப் பார்த்துவிட்டு, "இதிலயும் அஜெண்டாவைத் திணிச்சிட்டானுங்க" என்று ஒருவர் தொடங்குவார். "உனக்குள்ள இருக்கிற வெறுப்பு பேசுது" என்று இன்னொருவர் பாய்வார். கேம் எப்படி இருக்கிறது என்ற பேச்சே வராது. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு திடமான கருத்து இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"முன்னெல்லாம் கேமில் அரசியல் கிடையாது" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வைகுண்ட ஏகாதசி இரவில் பாட்டிகள் கண்விழித்து ஆடிய பரமபதம், எந்தக் குணம் ஏணி, எந்தப் பாவம் பாம்பு என்று கட்டம் கட்டமாகச் சொல்லிக்கொடுத்த ஆட்டம். சின்ன வயதில் நாம் ‘டிரேட்’, ‘பிசினஸ்’ என்று ஆடியதற்கெல்லாம் மூலம் 1904-இல் லிஸி மகீ என்ற அமெரிக்கப் பெண் காப்புரிமை வாங்கிய ஆட்டம். நிலம் சிலர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆவார்கள் என்று காட்டத்தான் அவர் அதை உருவாக்கினார். 1980-இல் அட்டாரி வெளியிட்ட மிஸைல் கமாண்டில் ஆறு நகரங்களை ஏவுகணைகளிடமிருந்து காக்க வேண்டும். எவ்வளவு திறமையாக ஆடினாலும் கடைசியில் எல்லாம் அழிந்துவிடும். ஜெயிக்க வழியே இல்லை. அணு ஆயுதப் போர் பற்றி இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

நமக்குப் பழகிப்போன அரசியல் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். 2002-இல் அமெரிக்க ராணுவமே ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்று ஒரு கேமை இலவசமாக விட்டது, படைக்கு ஆள் சேர்க்க. 2019-இல் வந்த கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் என்ற போர் கேமில் ‘ஹைவே ஆஃப் டெத்’ என்ற இடம் வரும். அந்தச் சாலையில் குண்டு போட்டுக் கொன்றவர்கள் ரஷ்யர்கள் என்கிறது கதை. நிஜத்தில் அந்தப் பெயரால் அறியப்படுவது குவைத்திலிருந்து பாஸ்ராவுக்குப் போகும் சாலை. 1991-இல் அதில் குண்டு போட்டது அமெரிக்கா தலைமையிலான படை. கதை நடக்கும் நாடு கற்பனைதான் என்றாலும், பெயரை வைத்துக்கொண்டு பழியை மட்டும் இடம் மாற்றியிருக்கிறார்கள். அஜெண்டா என்றால் இதுதான் அஜெண்டா. எங்கள் குழுவில் அதைப் பற்றி ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. அமெரிக்கர்கள் தங்களுக்குள் போடும் சண்டையின் சொற்களை அப்படியே கடன் வாங்கினால், அவர்கள் பார்க்கத் தவறுவதை நாமும் பார்க்கத் தவறுவோம்.

அதே நேரம், "ஒரு ரெண்டு மணி நேரமாவது நிம்மதியா விளையாட விடுங்கப்பா" என்று சொல்பவர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். 2016 செப்டம்பரில் காவிரித் தீர்ப்பை ஒட்டி இந்த ஊரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தபோது, வெளியே போகாதே, போனில் தமிழில் சத்தமாகப் பேசாதே என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு கேம்தான் ஆடினேன். யாரும் என்னை எந்த ஊர்க்காரன் என்று கேட்காத ஓர் இடம் எனக்குத் தேவைப்பட்டது. அப்படி ஓர் இடத்தை நாடி வருகிறவரைப் பிற்போக்குவாதி என்று முத்திரை குத்துவது அநியாயம்.

அப்படியானால் சிக்கல் எங்கே? என் பார்வையில், அரசியலை ஆடுகிறவர் கையில் கொடுக்காமல் காதில் ஓதும்போதுதான் ரசிகர் விலகுகிறார். ஒரே தொடரின் இரண்டு கேம்களை வைத்தே இதைக் காட்டலாம்.

2014-இல் வந்த ட்ராகன் ஏஜ்: இன்குவிசிஷனில் கிரெம் என்று ஒரு வீரன். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவன். ஒரு கூலிப்படையின் துணைத் தலைவன். பேச்சுக் கொடுத்தால் தன் கதையைச் சொல்வான், கேட்காமலும் போகலாம். பின்னால் ஒரு கட்டம் வரும். கூனாரிகள் என்ற இனத்தாரின் போர்க்கப்பலைக் காப்பாற்றி அவர்களோடு கூட்டணி சேர வேண்டும் என்றால், குன்றின் மேல் நிற்கும் கிரெமையும் அவன் ஆட்களையும் சாக விட வேண்டும். அவர்களைப் பின்வாங்கச் சொன்னால் கப்பலும் போச்சு, கூட்டணியும் போச்சு. அந்த முடிவை எடுக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது. கிரெம் எப்படிப் பிறந்தான் என்பது அப்போது மனதிலேயே இல்லை. இவன் சாகக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. திருநம்பி ஒருவரை மனிதராகப் பார் என்று ஆயிரம் வசனம் எழுதியிருந்தாலும் அது நடந்திருக்காது.

அடுத்து, 2024 அக்டோபரில் வந்த ட்ராகன் ஏஜ்: தி வேல்கார்ட். இதில் தாஷ் என்ற பாத்திரம், தன்னை ஆணாகவும் உணராமல் பெண்ணாகவும் உணராமல் இருப்பவர். அருமையான பாத்திரமாக வந்திருக்க வேண்டியது. அம்மா ஒரு பண்பாட்டிலிருந்து ஓடி வந்தவர், பிள்ளை வளர்ந்தது இன்னொரு மண்ணில். வீட்டுக்குள் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று பெங்களூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தத் தவிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எழுதியவர்கள் நம்மை நம்பவில்லை. தாஷைத் தவறான பாலினத்தில் குறிப்பிட்டுவிட்ட ஒரு பாத்திரம் உடனே தண்டால் எடுத்து, தப்பு செய்தால் இப்படித்தான் சரிசெய்ய வேண்டும் என்று விளக்கமும் கொடுக்கிறது. டிராகன்கள் பறக்கும் உலகம் மறைந்து, ஒயிட்ஃபீல்டு அலுவலகத்தின் கட்டாயப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது எனக்கு. கிரெமை நேசித்த ரசிகர்களே இங்கே முகம் சுளித்தார்கள். அவர்களை வெறுப்பாளர்கள் என்று சொன்னால் எப்படி?

வேல்கார்டை ஆடியவர்கள் சுமார் 15 லட்சம் பேர், எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய பாதி குறைவு என்று 2025 ஜனவரியில் அதை வெளியிட்ட ஈஏ நிறுவனம் அறிவித்ததும், "பார்த்தியா, வோக் ஆனா இப்படித்தான்" என்று குழுவில் கொண்டாட்டம் (முற்போக்கு அரசியலைத் திணிப்பதாகக் கிண்டல் செய்ய வைத்திருக்கும் சொல்தான் ‘வோக்’). அதுவும் அரைகுறை உண்மை. ஒரு கட்டத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமாக உருவாகி, பிறகு ஒருவர் ஆடும் கேமாக மாற்றப்பட்ட ஒன்று அது. அந்தத் தையல் ஆட்டத்தில் நன்றாகவே தெரியும். 2023-இன் சிறந்த கேம் விருதை வென்ற பால்டர்ஸ் கேட் 3-இல் ஆண், பெண் வேறுபாடில்லாமல் யாரும் யாரையும் காதலிக்கலாம். அதைக் கொண்டாடியவர்களும் இதே ரசிகர்கள்தான். 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்து செப்டம்பர் 6 அன்று மூடப்பட்ட கான்கார்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேமையும் அரசியல்தான் கொன்றது என்கிறார்கள். வேலரன்ட், ஓவர்வாட்ச் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது அதே மாதிரி ஒன்றை 40 டாலருக்கு விற்றால் யார் வாங்குவார்கள்?

தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2020 ஜூனில் வந்தது. முதல் கேமில் நாம் தகப்பனாகவே ஏற்றுக்கொண்ட ஜோயலை, தொடக்கத்திலேயே ஏபி என்ற பெண் அடித்துக் கொல்கிறாள். பிறகு அந்த ஏபியாகவே பாதி கேமை நாம் ஆட வேண்டும். பழிக்குப் பழி பற்றிய அரசியலை இதைவிட நேராகக் கையில் கொடுத்த கேமை நான் ஆடியதில்லை. என் கணக்கில் அது பெரிய படைப்பு. ஆனாலும் ரசிகர்களின் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. ட்ரெய்லரில் ஜோயல் வந்து, தான் மகளாகவே நினைக்கும் எல்லியிடம் சொல்லும் வசனத்தை, கேமில் அதே இடத்தில் வேறொருவன் சொல்கிறான். ஜோயல் கடைசிவரை கூட வருவான் என்று நம்பவைத்தே விற்றார்கள். இந்தியாவில் ஒரு புது பெரிய கேமுக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுக்க வேண்டும். அவ்வளவு கொடுக்கிறவருக்கு ஏமாந்த உணர்வு வந்தால், அதை பிற்போக்குத்தனம், பெண்வெறுப்பு என்று ஒரே பெட்டியில் போட்டு மூடக் கூடாது. ஆனால் ஏபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல் அனுப்பினார்களே, அதற்கு எந்தக் கோபமும் சாக்கு ஆகாது. அவர்களை ரசிகர்கள் என்று அழைக்கவே எனக்கு மனமில்லை.

பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில் நடக்கும் அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ் விஷயத்திலும் இதேதான். அதன் நாயகர்களில் ஒருவரான யாசுகே என்ற ஆப்பிரிக்கர் ஓடா நோபுனாகா என்ற ஜப்பானியப் போர்த்தலைவரிடம் பணியாற்றியது வரலாறு. அவர் சாமுராயா இல்லையா என்று இரவெல்லாம் சண்டை போட்டார்கள். ஜப்பானில் ஒரு வரலாற்றுத் துப்பாக்கிக் குழுவின் கொடியைக் கேட்காமலேயே விளம்பர ஓவியத்தில் போட்டு, கேமைத் தயாரித்த யுபிசாஃப்ட் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அடுத்தவர் பண்பாட்டை எடுத்தாளும்போது வர வேண்டிய நியாயமான குறை அது. கூச்சலில் அது அமுங்கிப் போனது.

அப்புறம், நம்முடையது. 2023-இல் வந்த ‘வெண்பா’ என்ற கேமை எங்கள் குழுவில் ஏறக்குறைய எல்லோரும் ஆடினோம். 1988-இல் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று நாமே யோசிக்க வேண்டும். புலம்பெயர்வு, மொழி இழப்பு, வெள்ளையர் நடுவே பிள்ளைக்கு வரும் கூச்சம் என்று முழுக்க முழுக்க அரசியல். எங்கள் குழுவில் யாரும் அதை அஜெண்டா என்று சொல்லவில்லை, ஏனென்றால் அது நம் வீட்டுக் கதை. வேறு யாரோ ஒருவர் தன் வீட்டுக் கதையைக் கொண்டுவரும்போதும் அதே பொறுமை காட்டுங்கள் என்றுதான் நண்பர்களிடம் கேட்கிறேன். ஆடிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் எந்தக் காட்சி, எந்த வசனம், கதை எங்கே உடைந்தது என்று சொல்லுங்கள். கடுமையாகவே சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.