சருகு என்று சொன்னவர்களுக்கு

தோழியின் இலையுதிர் காலக் கல்யாணப் படங்களை நான் இங்கே போட்டதும் கீழே கருத்துகளில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தீர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. "காய்ந்த சருகைப் பரப்பி வைத்துவிட்டு அலங்காரமாம், பணம் இல்லையென்றால் சொல்லியிருக்கலாமே" என்ற அந்த ஒரு வரியை மட்டும் கடந்து போக முடியவில்லை. அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் பல எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் போட்டவை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

அந்த மண்டபத்தில் யோசிக்காமல் வைத்த பொருள் ஒன்றுகூடக் கிடையாது. இலையுதிர் காலக் கல்யாணம் என்றால் திரும்பிய பக்கமெல்லாம் ஆரஞ்சு பாலியஸ்டர் இலைத் தோரணம், மூலைக்கு மூலை பூசணிக்காய், நுழைவாயிலில் வைக்கோல் கட்டு என்று பலர் மனதில் பதிந்துவிட்டது. அதைச் செய்வது சுலபம், ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மாட்டிவிடலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். என் தோழி நிறுத்தினாள். பெரும்பகுதி யானைத் தந்தத்தின் வெள்ளை, அதன்மேல் ஆலிவ் பச்சை, கொஞ்சம் ஒயின் சிவப்பு, துரு நிறம் மேசைத் துணியின் கரையிலும் மாப்பிள்ளையின் கழுத்துப் பட்டையிலும் மட்டும். ஆரஞ்சு எங்கேயும் இல்லை. நீங்கள் வெறுமை என்று பார்த்தது அவள் வேண்டுமென்றே விட்ட இடம்.

"சருகு" என்றீர்களே, அந்த இலைகளைப் பற்றிச் சொல்கிறேன். மரத்திலிருந்து விழுந்ததைக் கூட்டி அள்ளி வந்தவை இல்லை. மேசைகளில் இருந்த பீச் (beech, பழம் தரும் பீச் இல்லை) மரக் கிளைகளை நிறம் மாறுவதற்கு முன்பே, இலை பச்சையாக இருக்கும்போதே வெட்டினோம். அடித்தண்டை நசுக்கி, ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலந்த வாளியில் வாரக்கணக்கில் நிற்க வைத்தோம். இலை அதை உறிஞ்சிக்கொண்டு மெல்ல வெண்கல நிறத்துக்கு வரும், தொட்டால் பதப்படுத்திய தோல் மாதிரி வழுவழுவென்று இருக்கும், மடக்கினாலும் நொறுங்காது. நிறம் மாறிய பிறகு வெட்டினால் இந்த வேலை நடக்காது, ஏனென்றால் அதற்குள் காம்பின் அடியில் ஒரு தடுப்பு உருவாகி நீர் ஏறும் வழி அடைபட்டுவிடுகிறது. சிவந்த மேப்பிள் இலைகளைத் தனியாகத் தாளுக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி அழுத்தினோம். அப்படியே விட்டிருந்தால் கல்யாணத்துக்கு முன்பே சுருண்டிருக்கும். இவ்வளவு செய்தது ஒரு பெண்ணும் அவளுடைய தங்கையும் நானும். சருகாம்.

மரங்களே அழகாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். மரத்தை நம்பித் தேதி குறிக்க முடியாது, அதனால்தான். பச்சையம் சிதையும்போது இலைக்குள் ஏற்கெனவே இருந்த கரோட்டினாய்டு என்ற நிறமி மஞ்சளாக வெளியே தெரிகிறது. சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமியை இலை அந்தச் சமயத்தில்தான் புதிதாகத் தயாரிக்கிறது, அதற்குப் பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் வேண்டும். ஒரு வருடம் கொழுந்துவிட்டுச் சிவக்கும் மரம் அடுத்த வருடம் வெளிறி நிற்கும், ஒரு ராத்திரிக் காற்றில் மொத்தமும் கொட்டியும் போகும். அழைப்பிதழ் அடித்தவர்கள் அதற்காகக் காத்திருக்க முடியுமா?

அப்புறம் "டல்லாக இருக்கிறது" என்ற குறை. பாதிப் படங்கள் மண்டபத்தின் வெள்ளை விளக்கைப் போட்டபோது எடுத்தவை. அந்த வெளிச்சத்தில் துரு நிறம் செத்துப் போகும், துணி வாங்கும்போதே பார்த்துவிட்டோம். 2700 கெல்வின் (விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் வெளிச்சத்தில் அதே துணி உயிரோடு இருக்கும், சாப்பாட்டு நேரப் படங்களைப் பாருங்கள். சடங்கை மதியமே வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். செப்டம்பர் 22, 23 தாண்டினால் பூமியின் வட பாதியில் பகல் மளமளவென்று சுருங்கும், அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் நாடுகளில் மாலை என்பதே காணாமல் போய்விடும். நான்கு மணிக்கு இருந்த பொன் வெளிச்சம் ஆறு மணிக்குக் கிடைக்காது.

மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் காய்ந்த பொருள் ஆபத்து என்று சொன்னவர் சொன்னது சரி. அதனால்தான் சுடர் எல்லாமே உயரமான கண்ணாடிக்குள் இருந்தது, கிளைகளுக்கு அருகில் இருந்தவை பேட்டரி விளக்குகள். பியோனி வைத்திருக்கலாமே என்றவருக்கு: அது வசந்த காலப் பூ. இந்தப் பருவத்தில் வேண்டுமென்றால் பூமியின் மறு பாதியிலிருந்து வர வேண்டும். முதல் உறைபனி வரை பூத்துத் தள்ளும் டாலியா தோட்டத்திலேயே இருக்கும்போது அது எதற்கு? டாலியா தண்ணீரில் சில நாள்தான் தாங்கும் என்பதால் முந்தின நாள் காலையில் வெட்டினோம். சாமந்தியைப் பழைய பூ என்றவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

நிறம், பூ எல்லாம் போகட்டும், ரசனை ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பெண் தன் வாழ்க்கையின் பெரிய நாளுக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு துணியின் கரை வரை யோசித்திருக்கிறாள். அவளைத் தெரியாத ஒருவர் பார்த்த நொடியில் எழுதுகிறார், தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். "பொதுவில் போட்டால் நாலு பேர் நாலு சொல்லத்தான் செய்வார்கள்" என்பீர்கள். சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? பிடிக்கவில்லை என்பது கருத்து. பணம் இல்லையா என்பது என்ன கருத்து? எளிமையாகச் செய்தால் வசதியில்லை, விமரிசையாகச் செய்தால் பகட்டு, இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் ஒரு பெண் எப்படித்தான் கல்யாணம் பண்ணிக்கொள்வது? அவள் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை, படங்களை எடுத்துவிடலாமா என்று மட்டும் கேட்டாள். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

படங்கள் அங்கேயேதான் இருக்கும். அந்தப் பணம் பற்றிய வரியை எழுதியவர் அதை அழித்துவிடட்டும். சிரித்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் எனக்கு விளக்கம் அனுப்ப வேண்டாம், அவளுக்கு ஒரு வாழ்த்து அனுப்புங்கள்.