பாப்பியும் பூவரசும்

போரில் இறந்தவர்களின் நினைவாக பிரிட்டனில் நவம்பரில் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூ (செயற்கைப் பூதான்) வாங்கிக் குத்திக்கொள்வார்கள். அப்படிக் குத்தாத பிரிட்டன்காரர் இறந்தவர்களை மதிக்காதவர் என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். அப்படியென்றால் 1933இல் 'இனிப் போரே வேண்டாம்' என்று வெள்ளைப் பாப்பி விற்ற அந்நாட்டுக் கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தினரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவர்களில் பலர் முதல் உலகப் போரில் கணவனையோ மகனையோ பறிகொடுத்தவர்கள்.

சிவப்புப் பூவின் நடுவே இருக்கும் கறுப்புப் பொத்தானில் 1994 வரை 'ஹெய்க் நிதி' என்று, பூ விற்ற காசு சேரும் நிதியின் பெயர்தான் அச்சிட்டிருந்தது. முதல் உலகப் போரில், பிரான்சில் நடந்த சோம் போரை நடத்திய பிரிட்டிஷ் தளபதி ஹெய்க்! அந்தப் போரின் முதல் நாளில் மட்டும், 1916 ஜூலை 1 அன்று, 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் செத்தார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 1930களில் இலங்கையிலும், முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்று பாப்பி விற்றார்கள். வசூலில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போனது. உள்ளூர் முன்னாள் படைவீரர்களுக்குக் கிடைத்தது சொற்பம். அதை எதிர்த்துத்தான் அதே நாளில் பூவரசம்பூ விற்கும் 'சூரிய மல்' இயக்கம் வந்தது. (சிங்களத்தில் சூரிய மல் என்றால் பூவரசம்பூ. சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினோமே, அதே மரம்.) 1934-35 மலேரியாவின்போது கிராமங்களில் நிவாரண வேலை செய்தவர்களும் இந்த இயக்கத்தினரே.

பாப்பி வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. காசு ஊனமுற்ற வீரர்களுக்குப் போகிறது, நல்லதுதான். டிவியில் செய்தி வாசிப்பவர் பூ குத்தியிருக்கிறாரா என்று உற்றுப் பார்த்துத் திட்டுகிறார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.