ஆமாம், அந்தச் 'சாக்கு அக்கா' நான்தான்

மூன்று நாளாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றுகிற அந்த 40 விநாடி வீடியோவைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். தினமும் காலை 5 மணிக்கு எழுந்து 21 நாள் பழகினால் வாழ்க்கையே சரியாகிவிடும் என்று ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் பேசிய கூட்டம் அது. பச்சைச் சேலை கட்டி, பின்வரிசையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென முழித்தது நான்தான். 'சாக்கு அக்கா' என்று பெயரும் வைத்துவிட்டீர்கள். இருக்கட்டும். அரிசி மூட்டைக்கும் சாக்கு என்றுதான் பெயர். 22 வருடமாக ஒரு குடும்பத்தின் அரிசியைச் சுமக்கிறேன், அந்தக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. என் கேள்வி அந்த வீடியோவில் இல்லை. அவர் பதிலும் உங்கள் கைதட்டலும் மட்டும்தான் இருக்கிறது. நான் கேட்டது இது: "சார், எனக்கு மாசத்துல பாதி பகல் ஷிப்டு, பாதி நைட் ஷிப்டு. நைட்டுல காலை 5 மணிக்கு நான் பாயான் லெப்பாஸ் பேக்டரில மெஷின் முன்னாடி நிக்கிறேன். நான் எப்போ 5 மணிக்கு எந்திரிக்கிறது?"

இதற்குத்தான் "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு அக்கா, சாக்குப்போக்கு சொல்லாதீங்க, 21 நாள் செஞ்சு பாருங்க, வாழ்க்கை பேலன்ஸ் ஆயிடும்" என்று பதில் வந்தது. அரங்கமே அதிர்ந்தது. 30 வெள்ளி (ரிங்கிட்) டிக்கெட்டுக்கு இது போதும் போல.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சிக்கு எதிரி இல்லை, விடாமுயற்சிக்கும் எதிரி இல்லை. 21 நாளில் எல்லாம் சரியாகி, அப்புறம் அது பாட்டுக்கு ஓடும் என்கிற கதைக்குத்தான் எதிரி.

அந்த 21 எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். ஆபரேஷன் முடிந்து புதிய முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பவர்களுக்கு அது பழக 'குறைந்தது' 21 நாள் பிடிக்கிறது என்று 1960-ல் எழுதினார். நம்ம ஆட்கள் முகத்தையும் விட்டார்கள், 'குறைந்தது' என்பதையும் விட்டார்கள், 21-ஐ மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்காரர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்து 2010-ல் ஆய்வு வெளியிட்டார்கள். மதியம் ஒரு பழம் தின்பது, சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் ஓடுவது மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள்தான். அது தானாக வருகிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கு வந்தது. எனக்குப் பிடித்தது வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் கெட்டுவிடவில்லையாம். நம்ம சாரோ ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொல்கிறார். கோயில் விரதமா இது?

என் கதைக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் கிளினிக்கில் சர்க்கரை என்று சொன்னார்கள். நடங்கள் என்றார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்க எங்கே போய் நடப்பது? 513 படி. முதல் நாள் நூறைத் தாண்டவில்லை, உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தாண்டி ஒரு பாட்டி ஏறிப் போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நைட் ஷிப்டு வாரத்தில் தூங்கி எழுந்து மத்தியானத்துக்கு மேல் போவேன், வெயில் மண்டையைப் பிளக்கும். பகல் ஷிப்டு என்றால் ஓய்வு நாளில் மட்டும். மாமியார் வழுக்கி விழுந்தபோது இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. மறுபடி போனபோது பழையபடி நூறில் நிற்பேன் என்று நினைத்தேன், 240 வரை கால் போனது. எங்கும் உட்காராமல் உச்சிக்குப் போக 14 மாதம் ஆனது. 21 நாள் இல்லை சார், 14 மாதம். ஒரு மாத்திரை குறைந்தது. அதை மேடை ஏறிச் சொன்னேனா?

எனக்கு பேலன்ஸ் என்றால் ஞாபகம் வருவது சிங்கேதான். பினாங்குக்காரர்களுக்குத் தெரியும், 25 அடிக்கு மேல் உயரமான மூங்கிலில் பெரிய கொடியைக் கட்டி நெற்றியிலும் தோளிலும் நிறுத்துவார்களே, அது. சின்ன வயதில் டத்தோ கிராமட் பக்கம் குடியிருந்தபோது சாயங்காலம் திடலில் பழகுவார்கள், நாங்கள் வேலிக்கு வெளியே உட்கார்ந்து பார்ப்போம். ஒருநாள் ஒரு சீன அங்கிளிடம், கம்பு எப்படி ஆடாமல் நிற்கிறது என்று மலாயில் கேட்டேன். சிரித்தார். "மானா அட டியாம்? டியா ஜாலான், சாய இக்குட்." எங்கே சும்மா நிற்கிறது, அது போகிற பக்கம் நான் போகிறேன் என்றார். அப்புறம்தான் கம்பை விட்டுவிட்டு அவர் காலைப் பார்த்தேன். ஒரு விநாடி ஓரிடத்தில் இல்லை. முன்னால் இரண்டடி, பக்கவாட்டில் ஒன்று, பின்னால் ஒன்று. ஊர்வலத்தில் மேலே பார்க்கிறவனுக்குக் கொடி கம்பீரமாக நிற்பது மட்டும்தான் தெரியும்.

இத்தனை வருடம் பழகின மனுஷனுக்கே கால் ஓயவில்லை. எனக்கு மட்டும் இருபத்தோராவது நாள் ஓய்ந்துவிடுமாம்.

இனி கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு. "அவர் நல்ல எண்ணத்தில்தானே சொன்னார்?" இருக்கலாம். அடுத்தது.

"நம்ம தாத்தா பாட்டி தோட்டத்தில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதான் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகவில்லையா?" இது நியாயமான கேள்வி, இரண்டு நாளாக யோசித்தேன். என் பாட்டி கெடாவில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். நாலு மணிக்கு எழுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால் எழுந்தார், தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டு எழவில்லை. தினமும் அதே நாலு மணி. ராத்திரி எட்டுக்குப் பாயில் சாய்ந்துவிடுவார். பாதி மாதம் ராத்திரி மரம் வெட்டு, பாதி மாதம் பகலில் வெட்டு என்று எந்தக் கங்காணியும் பாட்டியிடம் சொன்னதில்லை. பாட்டியின் உழைப்பை என்னை அடிக்கக் கம்பாக எடுக்காதீர்கள். அவர் இருந்திருந்தால் என்னைத்தான் முதலில் தூங்கச் சொல்லியிருப்பார்.

"இப்போதுதான் வேலைச் சட்டம் மாறிவிட்டதே?" மாறியது. 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 48 மணி நேரம் 45 ஆனது, சந்தோஷம். வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேட்கலாம், முதலாளி 60 நாளுக்குள் பதில் எழுத வேண்டும். கேட்கலாம்தான். மெஷினை வீட்டு வரவேற்பறையில் வைத்துக்கொள்கிறேன் என்று மனு போடவா? குறைந்த மூன்று மணி நேரத்தை ஓவர்டைம் தின்றுவிடுகிறது. ஓவர்டைம் இல்லாமல் மகனின் கல்லூரிக் கட்டணம் இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்து, தியானம் செய்து, டைரி எழுதி, ஓடிவிட்டு வருகிறேன் என்று அன்று கை தூக்கிய அண்ணன்மார்களே, நீங்கள் ஓடி வந்ததும் மேசையில் பசியாற இருந்ததே, அதை யார் செய்தது? அந்த அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார்? அவருக்கு யாராவது கைதட்டினீர்களா? உங்கள் கொடி ஆடாமல் நிற்கக் கீழே யாருடைய காலோ ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. அவர் யாரோ. கோலாலம்பூரிலிருந்து வந்தார், பேசினார், போனார். நாளைக்கு வேறு ஊர், வேறு அக்கா.

அந்த வீடியோ எனக்கு முதலில் எப்படி வந்தது தெரியுமா? குடும்ப குரூப்பில். என் சொந்தத் தங்கச்சி போட்டிருந்தாள். மூன்று சிரிப்பு முகம். "அக்கா பேமஸ் ஆயிட்டா" என்று ஒரு வரி. நைட் முடிந்து பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். பாலம் தாண்டி ஜெலுத்தோங் வருகிற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்பா இறந்த பிறகு அவளைப் படிக்க வைத்த காசு எந்த ஷிப்டில் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

இன்றைக்கும் நைட்தான். 6.10-க்குப் பஸ். திட்டுகிறவர்கள் திட்டுங்கள், காலையில் வந்து படிக்கிறேன். தங்கச்சி, நீ கமெண்ட் போடாதே. பதினோரு மணிக்கு எனக்கு பிரேக், போன் பண்ணு.